ஆண்டெனா எவ்வளவு நீளம் வேண்டும்? – ரேடியோ கடைக்காரர் பதில்கள்

போன மாதம் பழைய வால்வு ரேடியோக்களைப் பற்றி எழுதும்போது, "ஆண்டெனா நீளமாக இருந்தால் போதாது, அளவாக இருக்க வேண்டும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க ஆண்டெனாதான். பரமக்குடியில் 38 வருடம் ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவன் நான். கையால் வெட்டி, மாட்டி, ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். கணக்கு கொஞ்சம் வரும். ஒரே ஒரு வகுத்தல் தெரிந்தால் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டு ரேடியோவில் கோடை பண்பலை கேட்போம். கம்பியை முழுக்க இழுத்துவிட்டால் நன்றாகக் கேட்கிறது. அதன் நுனியில் ஒரு மீட்டர் ஒயரைக் கட்டிப் பார்த்தேன். ஒரு ஸ்டேஷன் கூடியது, இன்னொன்று குறைந்தது. நீளம் கூடினால் எல்லாமே கூடத்தானே வேண்டும்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, வத்தலக்குண்டு

பதில்: முதலில் உனக்கு ஒரு சபாஷ் பாப்பா. கேள்வி கேட்பதற்கு முன்னால் ஒயரைக் கட்டிப் பார்த்திருக்கிறாய்.

உங்கள் ஊர்த் திருவிழாவில் நாதஸ்வரம் பார்த்திருப்பாய். அதில் திமிரி என்று ஒன்று உண்டு, குட்டையானது, சுருதி தூக்கலாக இருக்கும். பாரி என்று இன்னொன்று, நீளமானது, சுருதி இறங்கியிருக்கும். குழல் நீளமாக இருப்பதால் பாரி உசத்தி என்று யாரும் சொல்வதில்லை. அந்த நீளத்துக்கு அந்தச் சுருதி, அவ்வளவுதான். ஆண்டெனாவும் அப்படித்தான்.

கோடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ். அதாவது அந்த அலை ஒரு நொடியில் 10 கோடியே 5 லட்சம் தடவை ஏறி இறங்குகிறது. அது ஓடுகிற வேகம் ஒளியின் வேகம், நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். ஒரு தடவை ஏறி இறங்குவதற்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும்? அதுதான் அலைநீளம். நான் சொன்ன வகுத்தல் இதுதான்: 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 300ஐ 100.5ஆல் வகு. ஏறக்குறைய 3 மீட்டர்.

இப்போது அதில் பாதி நீளத்துக்கு, ஒன்றரை மீட்டரில், ஒரு கம்பி இருப்பதாக வைத்துக்கொள். அலை வந்து தொட்டதும் கம்பியில் ஒரு மின்னோட்டம் கிளம்பி நுனிவரை ஓடுகிறது. நுனிக்கு அப்பால் வழி இல்லை, திரும்புகிறது. போக ஒன்றரை, வர ஒன்றரை, மொத்தம் 3 மீட்டர். ஒரு முழு அலைநீளம். ஆக அது திரும்பி வந்து சேரும் நேரத்தில் அடுத்த அலையின் தள்ளலும் சரியாக வந்து சேர்கிறது. ஊஞ்சல் பின்னால் வந்து நின்று முன்னால் கிளம்பும்போது தள்ளுவாய் இல்லையா, அதே கதைதான். கம்பி நீளம் இசகுபிசகாக இருந்தால், ஊஞ்சல் உன்னை நோக்கி வரும்போதே எதிர்த்துத் தள்ளுகிற மாதிரி ஆகிவிடும். ஒரு ஸ்டேஷனுக்கு அப்படிக் கெடுத்த அதே ஒயர் வேறொரு ஸ்டேஷனுக்குக் கை கொடுக்கலாம். நீ பார்த்தது அதைத்தான்.

அப்படியானால் ரேடியோவில் ஏன் ஒன்றரை மீட்டர் கம்பி இல்லை? பாதியிலும் பாதி, கால் அலை போதும். மீதிக் காலின் வேலையை ரேடியோவுக்குள் இருக்கிற உலோகமும், பிடித்திருக்கும் உன் கையும், பக்கத்தில் இருப்பதெல்லாமும் ஓரளவு செய்துவிடுகின்றன. பழைய கார்களின் முன்பக்கத்தில் முக்கால் மீட்டர் கம்பி நிற்கும், பார்த்திருக்கிறாயா? அது பண்பலைக்குக் கால் அலை, மீதிக் கால் காரின் உடம்பு. கைபேசியில் எஃப்.எம். கேட்க இயர்போனைச் செருகு என்று கேட்குமே, அங்கே அந்த ஒயர்தான் ஆண்டெனா.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. நுனியில் மின்னோட்டம் திரும்பும் இடத்தில், கம்பி உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் நீளமாக இருப்பது போல அலைக்குத் தோன்றும். அதனால் கணக்கில் வந்ததிலிருந்து நூற்றுக்கு 5 பங்கு குறைத்து வெட்ட வேண்டும். கோடைக்குக் கால் அலை 75 சென்டிமீட்டர் என்று கணக்கு சொன்னாலும், நான் வெட்டுவது 71. உன் ஒரு மீட்டர் ஒயரை அவிழ்த்துவிட்டு, கம்பியை 71 சென்டிமீட்டருக்கு இழுத்து வைத்துக் கேள். அப்புறம் கம்பியை நிமிர்த்தியும் சாய்த்தும் பார். கேட்டதை எனக்கு எழுது.

கேள்வி: மேலே உள்ள கணக்கை நீங்கள் முன்பே ஒரு கூட்டத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம். கோவை வானொலி 999 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் 300 மீட்டர் வருகிறது. கால் அலை என்றாலும் 75 மீட்டர். ஆனால் என் தந்தையார் வைத்திருந்த டிரான்சிஸ்டரில் மத்திய அலைக்குக் கம்பியே வெளியே இழுக்க வேண்டாம். சட்டைப் பையில் வைத்தே கேட்பார். அது எப்படி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பொள்ளாச்சி

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். "கம்பி அளவு, அலை அளவு" என்று பாடம் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிள்ளைகளுக்கு இங்கேதான் குழப்பம் வரும்.

அனுப்பும் இடத்தில் உங்கள் கணக்கு அப்படியே உண்மை. மத்திய அலை நிலையங்களில் நிற்கும் கோபுரம் ஆண்டெனாவைத் தாங்குகிற கம்பம் இல்லை, கோபுரமே ஆண்டெனா. பெரும்பாலும் அதன் அடியில் ஒரு பீங்கான் இன்சுலேட்டர் இருக்கும், அத்தனை டன் இரும்பும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். 999க்குக் கால் அலைக் கோபுரம் என்றால் 75 மீட்டர். மீதிக் கால் எங்கே? மண்ணில். கோபுரத்தின் அடியிலிருந்து எல்லாத் திசையிலும் சக்கரத்து ஆரங்கள் போலச் செம்புக் கம்பிகளைப் புதைத்து வைப்பார்கள். நிலம் கண்ணாடி மாதிரி கோபுரத்துக்கு ஒரு பிம்பம் காட்டும். குளத்தங்கரையில் நிற்கிற பனைமரம் தண்ணீரில் தலைகீழாகத் தெரிகிறதே, அப்படி. இரண்டும் சேர்ந்தால் அரை அலை.

வாங்கும் இடத்தில் கதை வேறு. டிரான்சிஸ்டரின் முதுகைத் திறந்தால் விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு குச்சி, அதன் மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். ஃபெர்ரைட் ராடு என்போம். வானொலி அலையில் மின்புலம், காந்தப்புலம் என்று இரண்டு இருக்கின்றன. வெளியே நீட்டுகிற கம்பி மின்புலத்தைப் பிடிக்கிறது. இந்தக் குச்சி காந்தப்புலத்தைத் தனக்குள் இழுத்துக் குவிக்கிறது. அலையோடு சேர்ந்து ஆட வேண்டிய வேலையை இங்கே நீளம் செய்யவில்லை. அந்தச் சுற்றும், நீங்கள் ஸ்டேஷன் திருப்பும்போது சுழல்கிற கேங் கண்டென்சரும் சேர்ந்து செய்கின்றன. நீளத்தில் கிடைக்காத சுருதியைச் சுற்றிலும் கண்டென்சரிலும் கூட்டிக்கொள்கிறோம்.

அப்படிப் பிடிப்பது மிகக் கொஞ்சம்தான். 75 மீட்டர் கம்பி பிடிப்பதோடு ஒப்பிட்டால் துளி. ஆனாலும் அது போதும். மத்திய அலையில் வானமே இரைச்சலாக இருக்கிறது. எங்கோ வெட்டுகிற மின்னலெல்லாம் கரகரவென்று உள்ளே வரும். பெரிய ஆண்டெனா போட்டால் பாட்டும் கூடும், இரைச்சலும் அதே அளவுக்குக் கூடும். ஆக லாபம் குறைவு. சின்னக் குச்சியில் வந்த துளியை உள்ளே பெருக்கிக்கொண்டால் முடிந்தது. அனுப்புகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் செலவழிக்கிற மின்சாரம் அலையாக வெளியே போக வேண்டும். கோபுரம் குட்டையாக இருந்தால் அதில் பெரும்பகுதி சூடாக மாறி வீணாகிவிடும்.

உங்கள் தந்தையார் இரவில் இரண்டு ஸ்டேஷன் கலந்து வரும்போது ரேடியோவை அப்படியும் இப்படியும் திருப்பி வைத்திருப்பாரே? குச்சியின் நுனி எந்த நிலையத்தை நேராகப் பார்க்கிறதோ அந்த நிலையம் அமுங்கிவிடும். வேண்டாத ஸ்டேஷன் பக்கம் நுனியைக் காட்டிவிட்டால் வேண்டியது தெளியும். அவர் இயற்பியல் படித்தாரோ இல்லையோ, கை அதைப் படித்திருக்கும்.

கேள்வி: வை-ஃபை ரவுட்டரில் நிற்கும் கொம்புகள் ஏன் ஒரு சாணுக்கு இருக்கின்றன? செல்போனுக்கு ஏன் கொம்பே இல்லை?
– வாசகர், ஓசூர்

பதில்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 12.5 சென்டிமீட்டர்தான். கால் அலை 3 சென்டிமீட்டர். கொம்பில் பெரும்பகுதி பிளாஸ்டிக் உறை, உள்ளே உண்மையான ஆண்டெனா சிறியது. 900 மெகாஹெர்ட்ஸ் கைபேசிக்குக் கால் அலை 8 சென்டிமீட்டர். முன்பு அதை வெளியே கொம்பாக வைத்தார்கள், இப்போது மடித்து, வளைத்து உள்ளேயே வைக்கிறார்கள்.

கேள்வி: 1980களில் எங்கள் தெருவில் எல்லா மொட்டை மாடியிலும் ரூபவாஹினி ஆண்டெனா இருந்தது. சென்னையில் சித்தப்பா வீட்டில் பார்த்த தூர்தர்ஷன் ஆண்டெனா ரொம்பப் பெரியது. பக்கத்தில் இருக்கிற நிலையத்துக்குப் பெரியதும், கடல் தாண்டி இருக்கிற நிலையத்துக்குச் சின்னதும் ஏன்?
– குடும்பத் தலைவி, இராமநாதபுரம்

பதில்: அம்மா, நீங்கள் கேட்டது என் வாழ்க்கையில் நடந்த விஷயம். கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

ரூபவாஹினி ஒளிபரப்பு தொடங்கியது 1982 பிப்ரவரியில். ஜப்பான் அரசின் உதவியோடு இலங்கை அமைத்த நிலையம். இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையின் உச்சியில், 2,500 மீட்டருக்கு மேலே, டிரான்ஸ்மிட்டர். நம் தென்கோடி ஊர்களுக்குச் சென்னைத் தூர்தர்ஷன் எட்டாது. ரூபவாஹினி எட்டியது, கடல் மேலே மிதந்து வந்து.

நான் அப்போது கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி வீட்டில் டி.வி. பூட்டச் சொன்னார்கள். முதலாளி வெளியூர் போயிருந்தார். அவர்கள் சென்னையிலிருந்து ஆண்டெனாவையும் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். அலுமினியக் குழாய் ஒவ்வொன்றும் என்னைவிட நீளம். "இவ்வளவு பெரிய ஆண்டெனா இருக்கும்போது புதிதாக எதற்கு?" என்று அவர் கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நாற்பது அடி இரும்புக் குழாய் நட்டு, தென்கிழக்காகத் திருப்பி, ஸ்டே ஒயர் இழுத்துக் கட்டினேன். காலையில் தொடங்கி வேலை முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. டி.வி.யைப் போட்டால் திரை முழுக்க எறும்பு ஓடுகிறது. பக்கத்து வீட்டில் பாதி அளவு கூட இல்லாத ஆண்டெனாவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் முதலாளி வந்தார். திட்டவில்லை. ஆண்டெனாவை இறக்கச் சொன்னார். ரம்பமும் டேப்பும் எடுத்து, ஒவ்வொரு குழாயிலும் அளந்து கோடு போட்டு, "இங்கே வெட்டு, இங்கே வெட்டு" என்றார். புதுக் குழாயைப் போய் வெட்டுவதா என்று என் கை நடுங்கியது. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் மிஞ்சியது. மறுபடி ஏற்றிக் கட்டினோம். அந்த வீட்டில் படம் வந்தது. அன்றைக்கு அவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டிய கணக்கு இது.

சென்னை வந்தது நாலாம் சானலில், 61 முதல் 68 மெகாஹெர்ட்ஸ். நடுவே 64.5 என்று வைத்து அரை அலை கண்டுபிடித்து 5 பங்கு கழித்தால் 2 மீட்டர் 21 சென்டிமீட்டர். பிதுருதலாகலையிலிருந்து ரூபவாஹினி வந்தது ஐந்தாம் சானலில், 174 முதல் 181. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம், அதிர்வெண்ணில் பெரிய தாவல். அரை அலை 80 சென்டிமீட்டர். தூரம் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை, பாருங்கள். குழாயின் நீளத்தை முடிவு செய்வது சானல். தூரத்துக்காகக் கூட்ட வேண்டியது குழாய்களின் எண்ணிக்கையும் கம்பத்தின் உயரமும்.

எண்ணிக்கை என்று சொன்னேன். அந்த ஆண்டெனாவில் ஒயர் மாட்டியிருப்பது ஒரே ஒரு குழாயில்தான், மடித்த வளையம் மாதிரி இருக்குமே, அதில். மற்றவை எதனோடும் ஒயரால் சேர்ந்திருக்காது. பின்னால் நிற்பது அரை அலையைவிட நூற்றுக்கு 5 பங்கு நீளம், அது அலையைத் திருப்பி முன்னால் தள்ளும். முன்னால் வரிசையாக நிற்பவை நூற்றுக்கு 5 பங்கு குட்டை, அவை அலையை வழிகாட்டிக் கூட்டி வரும். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் ஆண்டெனாவுக்கு முகம், முதுகு என்று வருகிறது. நான் சென்னை ஆண்டெனாவைத் திருப்பிக் கட்டியபோது முன்னும் பின்னும் நின்ற குழாய்களுக்கெல்லாம் அந்த அலையோடு சம்பந்தமே இல்லை. நடு வளையம் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை அலை நீளத்தில் நின்று, கொஞ்சம் பிடித்தது. ஆனால் அது நேர் முன்னால் பார்க்காமல் பல பக்கமாகப் பார்க்கும். அதுதான் அந்த எறும்புப் படம்.

இந்த அமைப்பை 1926இல் உலகுக்குச் சொன்னவர்கள் ஜப்பானில் செண்டாய் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிண்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும். செய்து பார்த்து அளந்ததில் பெரும்பங்கு உடாவுடையது. யாகி 1928இல் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியதால் பெயர் 'யாகி ஆண்டெனா' என்று நின்றுவிட்டது. எனக்கு இது இன்றைக்கும் மனத்தாங்கல்தான், நான் எப்போதும் யாகி-உடா என்றே சொல்வேன். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனபோது, பிரிட்டிஷ் ராடார்க் குறிப்புகளில் 'யாகி' என்ற சொல் அவர்கள் கண்ணில் பட்டதாம். என்னவென்று புரியாமல் கைதியிடம் கேட்க, "அது உங்கள் நாட்டுப் பேராசிரியர் பெயர்" என்று பதில் வந்ததாம். சொந்த ஊரில் அதை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. உடா பின்னாளில், 1950களில், யுனெஸ்கோ நிபுணராக டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்து வேலை செய்திருக்கிறார். ஜப்பான் உதவியில் எழுந்த நிலையத்தை, ஜப்பானியர் கண்டுபிடித்த ஆண்டெனாவில் நம் ஊர் மாடிகள் பிடித்தன. ரம்பத்தோடு நின்ற எனக்கு அன்று இதெல்லாம் தெரியாது.

கேள்வி: விசைப்படகில் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட் வைத்திருக்கிறோம். பதினாறாம் சானல். கூட வரும் படகோடு பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் பேச முடியவில்லை. எட்டு அடி ஆண்டெனா வாங்கினால் தூரம் கிடைக்குமா?
– மீனவர், மண்டபம்

பதில்: பதினாறாம் சானல் 156.8 மெகாஹெர்ட்ஸ். அலை 1.91 மீட்டர். கால் அலைக் கம்பி அரை மீட்டர்கூட வேண்டாம், 45 சென்டிமீட்டர் போதும். எட்டு அடி ஆண்டெனா என்பது ஒரே நீளக் கம்பி இல்லை. உறைக்குள் பல அரை அலைத் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். அது அலையை மேலே சிதறவிடாமல் தட்டையாக அடிவானத்தை நோக்கி அனுப்பும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் படகு அலையில் சாயும்போது அந்தத் தட்டை அலையும் கூடவே சாய்ந்து, ஒரு பக்கம் கடலுக்குள்ளும் மறுபக்கம் வானத்துக்குமாகப் போகும். பேச்சு விட்டு விட்டு வரும். சின்னப் படகுக்கு நடுத்தர அளவே நல்லது.

உங்களைத் தடுப்பது பூமியின் வளைவு. இரண்டு ஆண்டெனாவும் கடல்மட்டத்திலிருந்து 3 மீட்டரில் இருந்தால் எட்டுவது ஏறக்குறைய 14 கிலோமீட்டர். நீங்கள் சொன்ன கணக்கோடு ஒத்துப்போகிறது. இரண்டையும் 6 மீட்டருக்கு உயர்த்தினால் 20. அதனால் காசை ஆண்டெனாவின் நீளத்தில் போடாமல் கம்பத்தின் உயரத்தில் போடுங்கள். இன்னொன்று, ஒயரும் கனெக்டரும் சேரும் இடத்தைப் பிரித்துப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தால் எந்த ஆண்டெனாவும் உதவாது. புதிதாக மாட்டிய பிறகு டேப்பை இறுக்கமாகச் சுற்றுங்கள். கடலில் உயிர் இதை நம்பி இருக்கிறது.

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊர்ப் பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படை கோபுரங்கள் நிற்கின்றன. ராத்திரி சிவப்பு விளக்கு எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். அதற்கு ஏன் அவ்வளவு உயரம்?
– வாசகர், நாங்குநேரி

பதில்: அந்த உயரம்கூடப் பற்றாது என்று சொன்னால் நம்புவீர்களா? ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் அது, 1990இல் தொடங்கியது. கோபுர உயரம் 471 மீட்டர், இந்தியாவிலேயே மிக உயரம். கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. உப்புத் தண்ணீர் சாதாரண வானொலி அலையை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் மட்டும் சில மீட்டர் ஆழத்துக்கு இறங்கும். அங்கே பயன்படுவது 18.2 கிலோஹெர்ட்ஸ். வகுத்துப் பாருங்கள், அலைநீளம் 16 கிலோமீட்டருக்கு மேல். உங்கள் ஊரில் ஒரு முகடு என்றால் அடுத்த முகடு பஸ் ஏறிப் போகிற தூரத்தில். கால் அலைக் கோபுரம் கட்டுவதானால் 4 கிலோமீட்டர் உயரம் வேண்டும். யாராலும் ஆகாது.

471 மீட்டர் என்பது அந்த அலையில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. குட்டை ஆண்டெனாவை வைத்துச் சமாளிக்கப் பொதுவாக இரண்டு வழி. கோபுரத் தலையிலிருந்து குடைக்கம்பி போல ஒயர்களை விரித்துக் கட்டினால், ஆண்டெனா இன்னும் உயரமாக இருப்பதாக மின்னோட்டம் நினைத்துக்கொள்ளும். மீதிக் குறைக்கு அடியில் பெரிய காயில், அதாவது கம்பிச்சுருள், வைப்பார்கள். டிரான்சிஸ்டரில் விரல் நீளக் குச்சியில் சுற்றிய அதே தத்துவம், இங்கே காயில் ஓர் அறை அளவுக்கு இருக்கும். அப்படியும் அதில் பேச்சோ பாட்டோ அனுப்ப முடியாது. தந்தி மாதிரி மெதுவாக எழுத்துகள் மட்டும்தான்.

கேள்வி: பழைய கேபிள் டி.வி. டிஷ் வலையாக இருந்தது. இப்போதைய டி.டி.எச். டிஷ் தகடாக இருக்கிறது. டிஷ்ஷுக்கும் அலைநீளக் கணக்கு உண்டா?
– மின்பணியாளர், ஈரோடு

பதில்: டிஷ் என்பது ஆண்டெனா இல்லை, கண்ணாடி. அது எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு சேர்த்துக் கொடுக்கும், அங்கே பெரியது நல்லதுதான். அளவாக இருக்க வேண்டிய ஆண்டெனா எதிரே இருக்கிற எல்.என்.பி. என்ற சின்ன டப்பாவுக்குள் ஒளிந்திருக்கிறது. டி.டி.எச். அலை இரண்டரை சென்டிமீட்டர், அதற்கு உள்ளே இருக்கும் முள் 6 மில்லிமீட்டர் அளவுதான்.

வலைக்கும் கணக்கு உண்டு. ஓட்டை அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால், அலைக்கு அது ஓட்டை என்றே தெரியாது. பழைய கேபிள் டிஷ் பிடித்த சி பேண்ட் அலை ஏழரை சென்டிமீட்டர், ஏழு மில்லிமீட்டருக்குக் குறைந்த ஓட்டை இருக்கலாம். காற்றுக்கும் நல்லது. டி.டி.எச்.சுக்கு அதே வலை போட்டால் அலை ஒழுகிவிடும்.

ஊட்டிக்குப் போனால் முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வாருங்கள். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் உருவானது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதன் கண்ணாடி வெறும் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள், ஊடே வானம் தெரியும். அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 92 சென்டிமீட்டர். கம்பிகளுக்கு நடுவே இருப்பதோ மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. எதிரே குவியும் கோட்டில் 1,056 டைபோல்கள், அதாவது நடுவில் ஒயர் மாட்டிய அரை அலை ஆண்டெனாக்கள், வரிசையாக நிற்கின்றன. நான் 1991இல் குடும்பத்தோடு போனபோது மற்றவர்கள் பூங்காவுக்குப் போய்விட்டார்கள். நான் சாலையோரத்தில் நின்று அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலையின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, ஏறக்குறைய 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது, ஒரே பக்கமாகச் சுழற்றினாலே விண்மீனைப் பின்தொடரலாம். அப்படி ஒரு மலையைத் தேடிக் கண்டுபிடித்தார்களே, அதை நினைத்தால் இப்போதும் புல்லரிக்கிறது.

கேள்வி: பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியிருக்கிறேன். 40 மீட்டர் பேண்டில், 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் கட்டப் போகிறேன். வீட்டு ஒயரிங் ஒயர் போதுமா? எவ்வளவு வெட்ட வேண்டும்?
– பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: வாழ்த்துகள் தம்பி. 143ஐ 7.1ஆல் வகுத்தால் 20.14 மீட்டர். நான் முன்னே சொன்ன 300இல் பாதி எடுத்து, 5 பங்கு கழித்து வைத்திருக்கும் எண்தான் 143. நடுவில் இன்சுலேட்டர், பக்கத்துக்கு 10.07 மீட்டர்.

ஒயரிங் ஒயர் தாராளமாகப் போதும். ஆனால் இந்தக் கணக்கு வெறுங்கம்பிக்கு. மேலே பி.வி.சி. உறை இருந்தால் மின்னோட்டம் கொஞ்சம் மெதுவாகப் போகும், அதனால் இன்னும் சில அங்குலம் குறைய வேண்டும். நான் முதல்முறை கட்டியபோது அதைத் தெரிந்துகொள்ளாமல் 20.14க்கு வெட்டி, இரண்டு தென்னைக்கு நடுவே ஏற்றிவிட்டேன். ஆண்டெனா எந்த அதிர்வெண்ணுக்கு ஒத்து நிற்கிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் பார்த்தால், 6.9 மெகாஹெர்ட்ஸில் போய் நின்றது. நல்லவேளை, நீளமாகப் போயிருந்ததால் வெட்டிச் சரி செய்ய முடிந்தது. அதனால் நீ பக்கத்துக்கு 10.30 வெட்டு. ஏற்று, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் பார், இறக்கு, இரண்டு பக்கமும் சமமாக ஐந்தைந்து சென்டிமீட்டர் குறை. வெட்டி எறியாமல் நுனியைத் திருப்பி ஒயரின் மேலேயே முறுக்கி வைத்தால், தேவைப்பட்டால் அவிழ்க்கலாம். எனக்கு ஏழு தடவை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

உயரம் அரை அலை, அதாவது 20 மீட்டர் கிடைத்தால் தூரதேசம் பேசலாம். உனக்குக் கிடைப்பது எட்டோ பத்தோ மீட்டர்தான் இருக்கும். கவலைப்படாதே. அந்த உயரத்தில் அலை பெரும்பாலும் மேலே போய், வானத்தில் பட்டுத் திரும்பிச் சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். பகலில் தமிழ்நாடு முழுக்கவும் யாழ்ப்பாணத்துக்கும் பேச அதுவே வசதி. அதே ஒயர் 21 மெகாஹெர்ட்ஸிலும் வேலை செய்யும், மூன்று மடங்கு அதிர்வெண்ணில் அது ஒன்றரை அலை. அங்கே பல பக்கமாகப் பார்க்கும், என் எறும்புப் படத்தை நினைத்துக்கொள்.

இரண்டு எச்சரிக்கை. ஒயர் அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமாகப் பார்த்துக் கட்டு. நீ பேசும்போது மின்னழுத்தம் மிக அதிகமாக இருப்பது நடுவில் இல்லை, இரண்டு நுனிகளில். அவை யார் கைக்கும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஏற்றி முடித்ததும் எந்த அளவில் வந்து நின்றது என்று எழுது. நான் மாலை ஐந்தரைக்கு 7.1இல் இருப்பேன்.